பிந்திப் பூத்தலும் பறிபோன பருவமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், உடன்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள் விழாக் குழுவினர். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கிரிக்கெட் வீரரின் வாழ்க்கை. இலக்கிய மேடையில் மட்டைப்பந்தா என்று முன்வரிசையில் சில புருவங்கள் உயர்வது தெரிகிறது. சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கதை முடிகிற இடத்தில் நம்முடைய கதை தொடங்குகிறது என்பதை உங்களுக்குக் காட்ட முடியும் என்று நம்புகிறேன்.

நம் வட்டத்தில் நாற்பது வயதைக் கடந்தபின் முதல் கவிதையை வாசித்தவர்கள் இருக்கிறார்கள். இருபதில் எழுதி, இடையில் பேனாவை மூடிவைத்து, ஐம்பதில் திறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மேடைக்கு அழைக்கும்போதெல்லாம் ஒரு வாழ்த்தைச் சொல்கிறோம்: 'காலம் தாழ்ந்தாலும் கனிந்துவிட்டது.' நல்ல மனத்தோடு சொல்லப்படும் வாழ்த்துதான். ஆனால் அந்த வாழ்த்துக்குள் இரண்டு கேள்விகள் புதைந்துபோகின்றன. காலம் ஏன் தாழ்ந்தது? தாழ்ந்த காலத்தில் என்ன போயிற்று? இவ்விரண்டையும் தோண்டி எடுப்பதே என் உரையின் நோக்கம்.

இந்த ஊரில் நின்றுகொண்டு தாமதத்தைப் பற்றிப் பேசுகிறவன் பனையைத் தொடாமல் போக முடியாது. 'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பது நம் பக்கத்துப் பழமொழி. வடலி வளர்ந்து பாளை விடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளும் ஆகலாம், இருபது ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை அது அலகா, பருவமா, அதாவது ஆண் பனையா பெண் பனையா என்பதுகூட ஏறுகிறவருக்குத் தெரியாது. ஆனால் பனையின் தாமதம் அதன் இயல்பு. அந்த மரத்திடமிருந்து எவரும் எதையும் பறிக்கவில்லை. மனிதர்களின் தாமதமும் அப்படித்தான் என்று எண்ணிக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. பல வேளைகளில் அது உண்மையன்று.

இப்போது வீரரிடம் வருகிறேன். தினேஷ் கார்த்திக். 1985ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் சென்னையில் பிறந்தவர். மட்டை பிடிப்பதோடு விக்கெட் காப்பதும் அவர் தொழில். 2004 செப்டம்பரில், பத்தொன்பது வயதில், லண்டன் லார்ட்ஸ் திடலில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம் ஆடினார். இங்கிலாந்து அணித் தலைவர் மைக்கேல் வாகனை அன்று அவர் ஸ்டம்பிங் செய்த வேகத்தை, பார்த்தவர்கள் நெடுநாள் பேசினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். இரண்டே மாதங்களில் இரண்டு வாசல்களும் திறந்துவிட்டன. இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன வேண்டும்?

அந்த ஆண்டு டிசம்பரில் மகேந்திரசிங் தோனி என்பவர் வங்கதேசத்தில் தம் முதல் ஒருநாள் ஆட்டத்தை ஆடினார். ஓட்டம் எதுவும் எடுக்காமல் ரன் அவுட் ஆனார். ஓராண்டு கழித்து, 2005 டிசம்பரில், டெஸ்ட் அணியிலும் கையுறைகள் தோனியின் கைக்குப் போயின. அந்த டெஸ்ட் நடந்த இடம் சேப்பாக்கம். கார்த்திக்கின் சொந்த ஊர்த் திடலிலேயே அவருடைய நாற்காலி இன்னொருவருக்குப் போயிற்று.

இதில் தோனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் ஆட்டத்தின் பெருமையை உலகம் அறியும். ஒரு விவரத்தை மட்டும் கவனியுங்கள். பதினொரு பேர் கொண்ட அணியில் மட்டையாளர் இடம் ஐந்தாறு உண்டு. பந்துவீச்சாளர் இடம் நான்கைந்து உண்டு. விக்கெட் காப்பாளர் இடம் ஒன்றே ஒன்று. அதில் ஒருவர் உறுதியாக அமர்ந்துவிட்டால் இரண்டாமவர் திறமை குறைந்தவர் என்று பொருளல்ல. அவருக்கு உட்கார இடமில்லை, அவ்வளவுதான்.

நாற்காலி இல்லாதவர் என்ன செய்வார்? கிடைத்த மூலையில் நிற்பார். கார்த்திக் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார், நடுவரிசையில் இறங்கினார், மாற்று ஆளாகக் காத்திருந்தார். 2006 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியா ஆடிய முதல் பன்னாட்டு இருபது ஓவர் ஆட்டத்தில் ஆட்டநாயகன் விருது பெற்றவர் அவர்தான். 2007 மே மாதம் மிர்பூரில் 129 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய ஒரே டெஸ்ட் சதம் அது. அதே ஆண்டுக் கோடையில் இங்கிலாந்து மண்ணில், 1986க்குப் பிறகு முதன்முறையாக, இந்தியா டெஸ்ட் தொடரை வென்றது. டெண்டுல்கரும் திராவிடும் கங்குலியும் இருந்த அந்த அணியில், தொடரில் இந்தியாவுக்காக மிகுதியான ஓட்டங்கள் சேர்த்தவர் தொடக்க ஆட்டக்காரராக நின்ற கார்த்திக். 3 டெஸ்ட்களில் 263 ஓட்டங்கள். அப்போது அவருக்கு வயது 22.

கொடி படர்ந்துவிட்டது என்றுதான் எவரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் அடுத்து சில தோல்விகள் வந்தன. வேறொருவருக்கு அவை தோல்விகளாக மட்டும் இருந்திருக்கும். இவருக்கோ ஒவ்வொரு தோல்வியும் வெளியேறும் வாசலாயிற்று. சொந்த இடம் உள்ளவனுக்குப் பிழை செய்யவும் உரிமை உண்டு. விருந்தாளியாக இருப்பவனுக்கு அந்த உரிமை கிடையாது. 2010 ஜனவரியில் ஒரு டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் 2018 ஜூனில், அதுவும் விருத்திமான் சாஹா காயம்பட்டதால் கிடைத்தது. நடுவில் எட்டு ஆண்டுகள். இந்தியா ஆடிய 87 டெஸ்ட்கள் அவரில்லாமல் நடந்து முடிந்தன. இருபத்துநான்கு வயது முதல் முப்பத்துமூன்று வயது வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மட்டையாளரின் கண்ணும் காலும் ஒத்துழைக்கும் பருவம் அதுதான். திரும்பி வந்தபின் இரண்டே மாதத்தில், 2018 ஆகஸ்டில், தம் கடைசி டெஸ்டை ஆடினார். அது நடந்த திடலும் லார்ட்ஸ்தான். இரண்டு முறை இறங்கி மொத்தம் ஓர் ஓட்டம். பத்தொன்பது வயதில் நுழைந்த அதே வாசல் வழியே வெளியேறினார். மொத்தக் கணக்கு 26 டெஸ்ட்கள், 1025 ஓட்டங்கள், ஒரு சதம்.

இதுவரை சொன்னது பறிபோன பருவத்தின் கதை. இனி, பிந்திப் பூத்த கதை.

2018 மார்ச் 18, கொழும்பு பிரேமதாசா திடல். வங்கதேசத்துக்கு எதிரான இறுதி ஆட்டம். 12 பந்துகளில் 34 ஓட்டங்கள் வேண்டும் என்ற நிலையில் கார்த்திக் இறங்கினார். அந்த நிலையில் இறங்குகிறவனிடம் எவரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. முதல் பந்தே சிக்ஸர். அந்த ஓவரில் மட்டும் 22 ஓட்டங்கள். ஆட்டத்தின் கடைசிப் பந்தில் 5 ஓட்டங்கள் தேவைப்பட்டன. எக்ஸ்ட்ரா கவர் பக்கமாகத் தாழப் பறந்த பந்து எல்லைக்கு அப்பால் விழுந்தது. 8 பந்துகளில் 29 ஓட்டங்கள். அந்த இரவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் கிரிக்கெட் பார்க்காத வீடுகளிலும் அவர் பெயர் தெரிந்திருந்தது.

அந்த எட்டுப் பந்துகள் தற்செயல் அல்ல என்பதை அடுத்த நான்கு ஆண்டுகள் காட்டின. இனி தமக்கு முழு நாள் கிடைக்காது, கடைசி மூன்று நான்கு ஓவர்கள்தான் கிடைக்கும் என்பதை அவர் புரிந்துகொண்டார். அந்தச் சிறிய துண்டுக்காகவே பயிற்சி செய்தார். எந்தப் பந்துவீச்சாளர் எந்த நேரத்தில் எங்கே பந்தை இறக்குவார், எந்தத் திசையில் ஆள் இல்லாமல் இருக்கும், முதல் பந்திலேயே எப்படி அடிப்பது என்பவற்றையே திரும்பத் திரும்பப் பழகினார். 2021ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வருணனையாளராக ஒலிவாங்கியைப் பிடித்தார். ஆட்டம் முடிந்துவிட்டது என்று பலர் முடிவுகட்டினார்கள். மறு ஆண்டு ஐ.பி.எல். தொடரில் பெங்களூரு அணிக்காக 330 ஓட்டங்கள், 100 பந்துகளுக்கு 183 ஓட்டங்கள் என்ற வேகத்தில். நாட்டுக்காக மீண்டும் ஆட வேண்டும் என்பதே தம் இலக்கு என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னபடி இந்திய அணிக்குத் திரும்பினார். 2022 ஜூன் 17 அன்று ராஜ்கோட்டில் 27 பந்துகளில் 55 ஓட்டங்கள். பன்னாட்டு இருபது ஓவர் ஆட்டங்களில் அவர் எடுத்த முதல் அரைச்சதம் அது. இந்தியாவின் முதல் இருபது ஓவர் ஆட்டத்தில் ஆட்டநாயகனாக நின்றவர், தம் முதல் அரைச்சதத்துக்குப் பதினைந்தரை ஆண்டுகள் காத்திருந்தார். வயது 37.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால் கைதட்டலுக்கு வசதியாக இருக்கும். விடாமுயற்சி வென்றது என்று சொல்லிவிட்டு நானும் அமர்ந்துவிடலாம். ஆனால் நடந்தது அதற்குமேலும் உண்டு. அதே ஆண்டு இறுதியில் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகக் கோப்பைக்கு அவர் தேர்வானார். அங்கே அவர் எடுத்த மொத்த ஓட்டங்கள் 14. அதற்கு முன், 2019 உலகக் கோப்பை அரையிறுதியில், நிலைத்து ஆட நேரம் இருந்த ஓர் ஆட்டத்தில், 25 பந்துகளில் 6 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்திருந்தார். 2024 ஜூன் முதல் நாள், தம் பிறந்த நாளன்று, ஓய்வை அறிவித்தார். பிந்தி வந்த பூ எல்லா நாளும் பூக்கவில்லை. வந்த பூவும், இருபத்திரண்டு வயதில் இங்கிலாந்தில் மொட்டுவிட்டிருந்த அந்தப் பூவன்று. அங்கே மொட்டுவிட்டிருந்தவன் புதுப் பந்தைப் பொறுமையாக எதிர்கொண்டு நாள் முழுதும் நிற்கக்கூடிய தொடக்க ஆட்டக்காரன். பின்னாளில் பூத்தவர் எட்டுப் பந்துகளின் வித்தகர். முன்னவனுக்கு ஈடாகப் பின்னவரைக் காட்டிக் கணக்கைத் தீர்க்க முடியாது. முன்னவன் வரவே இல்லை. பின்னவர் வேறொருவர்.

கவிஞர்களாகிய உங்களுக்கு இது எளிதில் விளங்கும். காப்பியம் எழுத நீண்ட, தொடர்ச்சியான காலம் வேண்டும். இளமையில் தொடங்கிப் பிழைபட்டுத் திருத்திக்கொள்ளும் அவகாசம் வேண்டும். அந்தக் காலம் மறுக்கப்பட்டவர் ஏழு சீருக்குள் தம் முழு ஆற்றலையும் அடக்கக் கற்றுக்கொள்கிறார். ஏழு சீரைச் சிறியது என்று தமிழர் எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஆயினும், 'குறள் கிடைத்ததே, காப்பியம் போனால் என்ன' என்று கேட்பது வாசகனின் பேராசை. எழுதியவரிடம் கேட்டால் இரண்டும் வேறு என்பார்.

தாமதங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. இலங்கையின் ரங்கன ஹேரத்தைப் பாருங்கள். 1999இல் காலி திடலில் முதல் டெஸ்ட் ஆடியவர். முத்தையா முரளிதரன் இருக்கும் அணியில் இன்னொரு சுழல் பந்துவீச்சாளருக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? 2009 ஜூலையில் முரளிதரன் காயம்பட்டபோது, இங்கிலாந்தில் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தவரைத் தொலைபேசியில் அழைத்துக் கொண்டுவந்தார்கள். அப்போது அவருக்கு 31 வயது. காலியில் பாகிஸ்தானைச் சுருட்டினார். மறு ஆண்டு முரளிதரன் ஓய்வு பெற்றார். 2018இல் ஹேரத் விடைபெற்றபோது அவர் கணக்கில் 433 விக்கெட்டுகள் இருந்தன. இடக்கைப் பந்துவீச்சாளர் எவரும் அதுவரை எட்டாத எண்ணிக்கை. இவருக்கு நாற்காலி காலியாயிற்று. தொழிலும் வயதைப் பொறுத்துக்கொள்ளும் தொழில். எனவே இழந்ததை அதே வடிவில் மீட்டார். கார்த்திக்குக்கு அது வாய்க்கவில்லை. தோனி டெஸ்டிலிருந்து விலகியபோது சாஹா இருந்தார். சாஹாவுக்குப் பின் இருபது வயது ரிஷப் பந்த் வந்துவிட்டார்.

இரண்டாம் முறை பூக்கவே இடம் பெறாதவர்களும் உண்டு. சென்னையின் வி.வி. குமார் லெக் ஸ்பின் வீசியவர். 1961இல் டில்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்டில், முதல் இன்னிங்ஸிலேயே 64 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார். அதன்பின் அவர் ஆடியது இன்னும் ஒரே ஒரு டெஸ்ட். ரஞ்சிக் கோப்பையில் ஆண்டுக்கு ஆண்டு வீசி, அங்கே 400 விக்கெட்டுகளைத் தொட்ட முதல் பந்துவீச்சாளர் ஆனார். உள்ளூரில் உழைத்தது போதவில்லை என்று எவராவது சொல்ல முடியுமா? விடாமுயற்சி ஒன்றே கதவைத் திறக்கும் என்றால் அவருக்கல்லவா முதலில் திறந்திருக்க வேண்டும்?

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பேஸ்பால் என்ற ஆட்டத்தில் பந்து எறிவதில் நிகரற்றவர் என்று பேசப்பட்ட சாச்செல் பெய்ஜ். கறுப்பர் என்பதால் பெரிய அணிகளின் வாசல் அவருக்கு அடைபட்டிருந்தது. இரண்டு பதின்மங்கள் கறுப்பர்களுக்கென்று இருந்த தனிப் போட்டிகளில் எறிந்துகொண்டிருந்தார். 1947இல் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்தார். 1948 ஜூலையில் கிளீவ்லாந்து அணி பெய்ஜை அழைத்தது. வயது 42. அந்த ஆண்டு அந்த அணி கோப்பையை வென்றது. உலகம் வியந்தது. வியப்பில் ஒரு தந்திரமும் உண்டு. கிழவர் எவ்வளவு அருமையாக எறிகிறார் என்று கைதட்டிக்கொண்டிருக்கும்போது, இருபத்தைந்து வயதில் அவரைத் தடுத்தவர்கள் யார் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

பெய்ஜ் பிறந்தது 1906. அதே 1906இல் பிறந்தவர் நம் நெல்லைச் சீமையின் புதுமைப்பித்தன். பெய்ஜ் பெரிய அணிக்குள் முதன்முதலாகக் காலடி வைத்த அதே 1948இல், அதே நாற்பத்திரண்டு வயதில், புதுமைப்பித்தன் காசநோயால் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அவர் எழுதிக் குவித்தது ஏறத்தாழ பதினைந்தே ஆண்டுகள். ஒருவருக்குத் தொடக்கமான வயது மற்றவருக்கு முடிவாயிற்று. பிந்திப் பூக்கலாம் என்று பொதுவாகச் சொல்லி எவரையும் காத்திருக்கச் செய்யும் உரிமை நமக்கில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பனையைப்போல் இயல்பாகவே பிந்தியவர்களும் இந்த மண்ணில் உண்டு. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலின் கி. ராஜநாராயணன் முப்பது வயதைக் கடந்த பின்பே கதை எழுத வந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவர் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். 1991இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். ஆனால் அவர் எழுதாதிருந்த ஆண்டுகளில் கரிசல் அவருக்குள் சேர்ந்துகொண்டே இருந்தது. சொல் சேர்ந்தது, கதை சேர்ந்தது, மனிதர்கள் சேர்ந்தார்கள். அது விளைச்சலுக்கு முந்திய காலம். பறிபோன காலம் என்று அதைச் சொல்ல முடியாது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஒரே வாழ்த்தைச் சொல்வதுதான் நம் குறை.

அன்பர்களே, இனி நம் வட்டத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் பள்ளியிலும் கல்லூரியிலும் கவிதை எழுதிப் பரிசு வாங்கிய பெண்கள் எத்தனை பேர்! திருமணத்தோடு அந்த நோட்டுப் புத்தகம் பரணுக்குப் போகிறது. பிள்ளைகள் தலையெடுத்த பின் சிலர் அதை இறக்கித் தூசி தட்டுகிறார்கள். பலர் இறக்குவதே இல்லை. ஆண்களிலும் கடைக்கணக்கும் வெளிநாட்டு வேலையும் விழுங்கியவர்கள் உண்டு. திரும்பி வந்தவர் நான்கு வரிக் கவிதை வாசித்தால், 'இந்த வயதிலும் என்னமாய் எழுதுகிறார்' என்கிறோம். அந்த நான்கு வரி அவர் தேர்ந்த வடிவமா, அல்லது அவருக்கு எஞ்சிய நேரத்தின் அளவா என்று நாம் கேட்பதில்லை.

ஆகவே பதினோராம் ஆண்டில் கால் வைக்கும் இந்த வட்டத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, பிந்தி வந்தவரின் வயதை அறிமுகத்தில் சொல்லாதீர்கள். கவிதையைக் கவிதையாகக் கேளுங்கள். குறை இருந்தால் இளைஞரிடம் சொல்வதுபோலவே அவரிடமும் சொல்லுங்கள். சலுகையும் ஒருவகையில் வெளியே நிறுத்துவதுதான்.

இரண்டாவது, நம் கவியரங்கங்களில் நாற்காலிகள் குறைவு. ஆண்டுதோறும் அதே பெயர்கள் அழைப்பிதழில் வருகின்றன. அவர்கள் தகுதி உடையவர்களே. தோனியும் தகுதி உடையவர்தான். அணியில் விக்கெட் காப்பாளர் ஒருவர்தான் இருக்க முடியும் என்பது ஆட்டத்தின் விதி. கவியரங்கில் அப்படி ஒரு விதி கிடையாது. அது நாமாகப் போட்டுக்கொண்ட விதி. நாற்காலியைக் கூட்டுங்கள்.

மூன்றாவது, ஒருமுறை சறுக்கியவருக்கு மறுமுறை மேடை கொடுங்கள். இளைஞர் ஒருவர் முதல் கூட்டத்தில் மோசமான கவிதை வாசித்தார் என்றால் அடுத்த கூட்டத்துக்கும் அவரையே அழையுங்கள். பிழை செய்யும் உரிமை கிடைத்தவன்தான் வளர்கிறான். அந்த உரிமையை எட்டு ஆண்டு கழித்துத் தருவதில் பொருளில்லை.

தினேஷ் கார்த்திக்கின் எட்டுப் பந்துகளை நான் இன்னும் விரும்பிப் பார்க்கிறேன். அவர் பெற்ற வெற்றியில் நமக்கும் பெருமை உண்டு. அந்த 87 டெஸ்ட்களில் சிலவாவது அவர் ஆடியிருந்தால் நாம் பார்த்திருக்கக்கூடிய ஆட்டக்காரரையும் சேர்த்தே நினைக்கும்போதுதான் அவருக்கு உரிய மரியாதையைச் செலுத்தியவர்கள் ஆகிறோம். நம்மிடையே பிந்தி எழுத வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதே மரியாதையைக் கேட்டு அமைகிறேன்.